யோகம் அக்கா பெயர் கேட்பதில்லை

சிங்கப்பூரின் தோ பாயோவில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளில் யோகம் அக்காவிடம் ஒரு முறையாவது திட்டு வாங்காதவர்கள் குறைவு. செருப்பை வாசலில் குறுக்கே கழற்றிப் போட்டால் திட்டுவார். கேரம் பலகையில் பவுடரை அள்ளிக் கொட்டினால் திட்டுவார். வீட்டுப்பாடத்தை அடுத்தவனைப் பார்த்து எழுதினால், எழுதியவனை விட்டுவிட்டுக் காட்டியவனைத் திட்டுவார். ஆனால் "உன் பேர் என்ன?" என்று மட்டும் ஒரு பிள்ளையையும் கேட்டதில்லை. முதல் பத்து நாளைத் தவிர, நாற்பது வருடமாகக் கேட்டதில்லை. அவர் நடத்தும் இளையர் நிலையத்தின் ஒரே சட்டம் அதுதான்.

நிலையம் என்றதும் யாரும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், மின்தூக்கிக்குப் பக்கத்தில் இரண்டு அறைகள். முன்னறையில் இரண்டு கேரம் பலகைகளும் ஒரு மேசைப்பந்து மேசையும். பின்னறையில் உட்கார்ந்து படிக்க நாலு மேசைகள். மாலை நாலு மணிக்குத் திறந்து எட்டு மணிக்குப் பூட்டுவார்கள். மழை பெய்தால் கூரையைவிடத் தரை அதிகமாக நனையும்.

யோகத்துக்கு இப்போது அறுபத்தாறு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். தாத்தா ரயில்வேயில் கிராணி என்கிற எழுத்தர், அப்பா துறைமுகத்தில் கிராணி, யோகம் கப்பல் நிறுவனம் ஒன்றில் முப்பத்தைந்து வருடம் கிராணி. மூன்று தலைமுறையாகப் பெயரையும் எண்ணையும் எழுதியே சோறு தின்ற வம்சம். அப்படிப்பட்டவர் சாயங்காலம் ஆனதும் பேனாவை மூடி கைப்பைக்குள் போட்டுவிட்டு, யார் பெயரையும் எழுதாத ஓர் இடத்துக்கு வந்து உட்காருவார். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களிடம், "நாலு மணிக்குக் கதவு திறக்கணும், எங்க நேரம்?" என்பார். முதல் தடவை கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொள்வார்கள்.

அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் சேக் தாவூது. பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர், அதே புளோக்கில் குடியிருந்தவர். படிப்பை விட்ட பையன்கள், வீட்டுக்குள் கால் நீட்ட இடமில்லாத பிள்ளைகள் எல்லாம் மாடிப்படிகளில் உட்கார்ந்து கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல், குடியிருப்பாளர் குழுவிடம் நச்சரித்து 1984இல் அந்த இரண்டு அறைகளை வாங்கினார். துணைக்கு ஒரு பெண்பிள்ளை இருந்தால் பெண் குழந்தைகளும் வருவார்கள் என்று எட்டாம் மாடியிலிருந்த யோகத்தைக் கூப்பிட்டார். முதல் வாரம் ஊர் வழக்கப்படி ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தார்கள். பெயர், பள்ளி, வகுப்பு எல்லாவற்றையும் யோகம் அழகான கையெழுத்தில் எழுதினார். பத்தாவது நாள் ஒரு பள்ளியிலிருந்து ஒழுங்குமுறை ஆசிரியர் ஒருவர் வந்தார். நோட்டைப் பார்க்கலாமா என்று மரியாதையாகக் கேட்டார். இவர்களும் மரியாதையாகக் கொடுத்தார்கள். திங்கட்கிழமை காலை, மாலைச் சிறப்பு வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு நிலையத்தில் கேரம் ஆடிய இரண்டு பேருக்குப் பிரம்படி விழுந்தது.

அந்த வாரம் முழுக்க நிலையத்தில் ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை சேக் தாவூது நோட்டை எடுத்துக்கொண்டு மேலே போய், தன் வீட்டுக் குப்பை கொட்டும் குழாயில் போட்டுவிட்டு இறங்கி வந்தார்.

"இனிமே பேர் கேக்க வேணாம் தங்கச்சி. எந்த மாடின்னு கேளு, போதும்."

அன்று தொடங்கியதுதான். பிள்ளைகளுக்கு மாடி எண்ணே பெயராகிவிட்டது. நாலு, ஒன்பது, பன்னிரண்டு. ஒரே மாடியில் இரண்டு பேர் இருந்தால் சின்ன ஏழு, பெரிய ஏழு. எதிர்ப் புளோக்கிலிருந்து வருபவன் 'எதிர்வீட்டு மூணு'. பெரிய ஏழு பின்னாளில் வழக்கறிஞராகி, மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து, "அக்கா, ஏழு வந்திருக்கேன்" என்று வாசலில் நின்றதை யோகம் இன்னமும் சொல்லிச் சொல்லிப் பூரிப்பார்.

பெற்றோர் தேடி வந்தால் எப்படிப் பேசுவது என்பதற்கும் ஒரு முறை இருந்தது. கதவைப் பாதி திறந்து, உள்ளே தெரியாதபடி அடைத்துக்கொண்டு நின்று, "இங்க நாங்க பேர் கேக்கறதில்லீங்க" என்று சொல்ல வேண்டும். பொய்யும் இல்லை, காட்டிக் கொடுத்ததும் ஆகாது. பெல்ட்டைக் கையில் சுற்றிக்கொண்டு வந்த அப்பாக்களை அந்த ஒரு வாக்கியத்தால் திருப்பி அனுப்பியிருக்கிறார் யோகம். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

சேக் தாவூது 2002இல் காலமானார். சாவி யோகத்தின் கைப்பையிலேயே தங்கிவிட்டது.

இந்த வருடம் நாற்பதாம் ஆண்டு விழா. வட்டாரச் சமூக அலுவலகத்திலிருந்து தனுஷிகா என்ற பெண் வந்தாள். இருபத்தாறு வயது, நல்ல துறுதுறுப்பு. சுவரில் நிலையத்தின் வரலாற்றை ஏழு பலகைகளாக மாட்டப் போவதாகச் சொன்னாள். இரண்டு அறை நிலையத்துக்கு ஏழு பலகை மாட்டினால் பிள்ளைகள் எங்கே சாய்ந்து உட்காருவார்கள் என்று யோகம் கேட்டார். அந்தப் பெண் அதையும் குறித்துக்கொண்டாள்.

"நாப்பது வருஷத்துல எத்தனை பேர் வந்திருப்பாங்க அக்கா?"

"எண்ணல."

"ஒரு ரஃப் ஃபிகர் போதும் அக்கா."

"எண்ணலன்னா எண்ணலம்மா. பேரே கேக்காதவ எண்ணிக்கைய எங்க வெச்சிருப்பேன் லா?"

தனுஷிகாவின் கண்கள் விரிந்தன. "அக்கா, திஸ் இஸ் சோ பவர்ஃபுல்! இதையே ஹெட்டிங்கா வெச்சிருவோம்." யோகம் சொன்ன கதைகளையெல்லாம் ஒலிப்பதிவு செய்துகொண்டு போனாள். அடுத்த வாரம் பலகைக்கான வரைவு வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டால் அச்சுக்குப் போய்விடும்.

யோகம் அதைக் கோப்பிக் கடையில் உட்கார்ந்து படித்தார். பிழை கண்டுபிடிக்கும் கிராணிக் கண். இரண்டு ஒற்றுப்பிழை, ஓர் ஆண்டு தவறு. எல்லாம் திருத்தக்கூடியவை. ஏழாவது பலகையின் கடைசி வரிதான் அவரை நிறுத்தியது. 'பெயர் கேட்காத இந்தக் கதவு, நாடி வந்த எவரையும் வெறுங்கையோடு திருப்பி அனுப்பியதில்லை.'

பாலில்லாத தே ஓ ஆறிப்போனது. யோகம் குடிக்கவில்லை.

ஏனென்றால், ஒருவரை அனுப்பியிருக்கிறது. அனுப்பியது யோகம்.

1993ஆம் ஆண்டு, ஒரு புதன்கிழமை, மாலை ஆறரை மணி. சேக் தாவூதுக்கு அன்று இரவு வேலை. யோகம் மட்டும் இருந்தார். கதவைத் தட்டும் சத்தம் கேட்டு வழக்கம்போலப் பாதி திறந்து அடைத்துக்கொண்டு நின்றார். வெளியே முக்காடு போட்ட ஒரு பெண், கையில் குடை. சற்றுத் தள்ளிச் சாலையோரத்தில் டாக்சி ஒன்று கதவு திறந்தபடி நின்றது.

"எம் மவ இங்க இருக்காளாம்மா? பதினாலு வயசு..."

"இங்க நாங்க பேர் கேக்கறதில்லீங்க."

அந்த அம்மா வாயைத் திறந்தார், மூடினார். யோகத்தின் குரலில் இருந்த உறுதியைப் பார்த்தோ என்னவோ, தலையை ஆட்டிவிட்டு டாக்சியை நோக்கி நடந்தார். கதவை மூடியபோது, இன்னொரு வீட்டுச் சண்டையிலிருந்து ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டோம் என்றுதான் யோகம் நினைத்தார். உள்ளே மறுபடி கேரம் சத்தம் கேட்டது. பதினொன்று வழக்கம்போல எல்லாரையும் தோற்கடித்துக்கொண்டிருந்தாள். எட்டு மணிக்கு நிலையத்தைப் பூட்டியபோது சிரித்துக்கொண்டே கையாட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் சின்ன ஏழு வந்து சொன்னான். "அக்கா, பதினொண்ணு இனிமே வராது. அவங்க அத்தா நேத்து ஆஸ்பத்திரியில மௌத்தாயிட்டாங்க. கடையில மயங்கி விழுந்துட்டாங்களாம். ஏழே முக்கால் வரைக்கும் நெனப்பு இருந்துச்சாம். ரஷீதா எங்க, ரஷீதா எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்களாம்."

அந்தப் பெண்ணின் பெயர் ரஷீதா என்பது யோகத்துக்கு அப்போதுதான் தெரிந்தது.

பதினொன்றாம் மாடிக்குப் போனார். தாழ்வாரம் முழுக்கச் செருப்புகள் கிடந்தன. அந்த வீட்டுக் கதவு நன்றாகத் திறந்திருந்தது. உள்ளே ஒரு பெண் அழும் சத்தம் கேட்டது. யோகம் அப்படியே திரும்பி, மின்தூக்கிக்குக்கூடக் காத்திருக்காமல் பதினோரு மாடியும் படியில் இறங்கி வந்தார். மூன்று மாதத்தில் அந்தக் குடும்பம் உட்லண்ட்ஸ் பக்கம் வீடு மாறிப் போய்விட்டது. சேக் தாவூதிடம்கூட யோகம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவர் சட்டத்தை மாற்றிவிடுவார் என்று பயம். மாற்றினால் பெல்ட்டைச் சுற்றிக்கொண்டு வரும் அப்பாக்களை யார் தடுப்பது? அப்படி ஒரு நியாயத்தைச் சொல்லிக்கொண்டார். நியாயம் நன்றாகத்தான் இருந்தது. தூக்கம்தான் வரவில்லை.

அதற்குப் பிறகு பெற்றோர் யாராவது வந்தால், அந்த வாக்கியத்துக்கு முன்னால் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டார். "என்ன விஷயமா தேடறீங்க?" மூன்றே சொல். அன்றைக்கு அதைக் கேட்டிருக்கலாம். டாக்சி நின்றதைப் பார்த்த கண்ணுக்கு அது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

ஐந்து வருடத்துக்கு முன் லிட்டில் இந்தியாவில் தீபாவளிச் சாமான் வாங்கப் போனபோது, ஒரு கடைவீட்டின் மாடிப்படி ஓரத்தில் மக்காவுக்கான உம்ரா பயண ஏற்பாட்டு விளம்பரம் பார்த்தார். 'தொடர்புக்கு: ரஷீதா'. படியிறங்கி வந்த பெண்ணின் முகவாயைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தத் தெரு யோகத்துக்கு இல்லாமல் போனது. ரேஸ் கோர்ஸ் சாலை வழியாகச் சுற்றி, வேர்த்து விறுவிறுத்து காய்கறி வாங்கி வருவார்.

இப்போது இந்தப் பலகை. சரி என்று சொல்லிவிட்டால் அந்தப் பொய் சுவரில் மாட்டப்படும், தினமும் நாலு மணிக்குக் கதவைத் திறந்ததும் அது எதிரில் நிற்கும். அந்த வரியை மட்டும் எடுக்கச் சொன்னால் போதுமே என்று மனம் ஒரு வழி காட்டியது. எடுத்தாலும் மீதி ஆறு பலகையும் அதைத்தானே சொல்கின்றன? உள்ளதை எழுதச் சொல்லலாம். ஆனால் அது யோகத்தின் துக்கமா, எடுத்து எழுதுவதற்கு? தன் உம்மாவை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பியது யார் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியுமோ தெரியாதோ. தெரியாமல் இருந்தால், முப்பத்தொரு வருடம் கழித்துப் போய்ச் சொல்வது பாவமா, சொல்லாமல் இருப்பது பாவமா?

வியாழக்கிழமை காலை யோகம் பேருந்து ஏறினார்.

அந்த உம்ரா விளம்பரக் கடைவீட்டின் மாடியில் சின்ன அலுவலகம். இரண்டு மேசைகள், சுவரில் பெரிய நாட்காட்டி, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அடுக்கி வைத்த கடப்பிதழ்கள், அதாவது பயணிகளின் பாஸ்போர்ட்டுகள். ரஷீதா தலை நிமிர்ந்தார். நாற்பத்தைந்து வயது, வெளிர்நீல முக்காடு, மூக்குநுனியில் கண்ணாடி. இரண்டு நொடி உற்றுப் பார்த்தவர் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார்.

"யோகம் அக்கா."

"பதினொண்ணு," என்றார் யோகம்.

ரஷீதா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். மற்ற மேசையில் இருந்த பெண்ணைச் சாப்பிட்டு வரச் சொல்லி அனுப்பினார். நலம் விசாரிப்பதற்குக்கூட இடம் விடாமல் யோகம் பேச ஆரம்பித்தார். இடம் விட்டால் தைரியம் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். பலகை, வரலாறு, கடைசி வரி, புதன்கிழமை, குடை, டாக்சி. "வந்தது உங்க உம்மா. கதவுல நின்னது நான். பேர் கேக்கறதில்லன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

ரஷீதா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும் அக்கா."

"உங்க உம்மா சொன்னாங்களா?"

"உம்மா எதுவும் சொல்லல. சாகுற வரைக்கும் அதப்பத்தி பேசல. எனக்கு உம்மா குரல் கேட்டுச்சு. அன்னிக்கு காலையில வீட்ல சண்ட. அத்தாகிட்ட மூஞ்சி குடுத்துப் பேசாம வந்துட்டேன். உம்மா என்னை இழுத்துட்டுப் போகத்தான் வந்திருக்குன்னு நெனச்சு, கேரம் போர்டுக்குக் கீழ உக்காந்துட்டேன். உங்களப் பாத்து வாயில விரல வெச்சுக் காட்டினேன். சொல்லாதீங்கன்னு." மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டார். "எனக்காகத்தானே நீங்க அப்படிச் சொன்னீங்க. நான் கேட்டதாலதான. அதான் அக்கா, அப்புறம் அங்க வரவே முடியல. உங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்? எங்க உம்மாவ என் கையாலயே திருப்பி அனுப்பிட்டு, அந்தப் பாவத்துல உங்களையும் சேத்துட்டேனே. அஞ்சாறு வருசத்துக்கு முன்னால ரெண்டு மூணு தடவ நீங்க கீழ தெருவில போறதப் பாத்துருக்கேன். இந்த மேசைக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கேன், சின்னப்புள்ள மாதிரி."

யோகத்துக்கு ஒரு வழி தானாகத் திறந்து நின்றது. ஆமாம்மா, பாத்தேன், நீ விரல் வெச்சத பாத்துத்தான் சொன்னேன் என்றால் போதும். பாவம் இரண்டு பங்காகப் பிரிந்துவிடும். அதில் சின்னப் பங்குதான் யோகத்துக்கு வரும். ஒரு பிள்ளை கேட்டது, அக்கா காப்பாற்றினாள். யார் குறை சொல்ல முடியும்? இந்தப் பெண்ணே அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

அப்படி நம்பித்தான் முப்பத்தொரு வருடமாக மேசைக்குப் பின்னால் ஒளிகிறாள்.

"நான் பாக்கலம்மா," என்றார் யோகம்.

ரஷீதா நிமிர்ந்தார்.

"நீ விரல் வெச்சத நான் பாக்கவே இல்ல. உள்ள திரும்பியே பாக்கல. கதவ அடைச்சிக்கிட்டு அந்தப் பக்கம் பாத்துத்தான் நிப்பேன், அது எங்க வழக்கம். நீ உள்ள இல்லாம இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன். எல்லாருக்கும் அதத்தான் சொல்லுவேன். உனக்காகச் சொல்லலம்மா. நீ எதையும் செய்யல."

ரஷீதா அழுவார் என்று யோகம் எதிர்பார்த்தார். அவர் அழவில்லை. முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது.

"அப்போ நானில்ல."

"நீயில்ல."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? ஏம்மா தேடறீங்கன்னு ஒரே ஒரு வார்த்தை? உம்மாவுக்கு அந்நிய மனுசங்ககிட்ட பேசவே பயம். நீங்க கேட்டிருந்தா சொல்லியிருக்கும். ஏழே முக்கால் வரைக்கும் எங்கத்தா உசுரோட இருந்தாரு அக்கா. டாக்சில பத்து நிமிசம்!" மேசையை ஓங்கி ஒரு தட்டு தட்டினார். தண்ணீர்க் குவளை ஆடியது. "இத்தன வருசம் நான்தான்னு நெனச்சேன். ஒவ்வொரு தொழுகையிலயும் நான்தான் மன்னிப்புக் கேட்டேன்!"

எத்தனையோ பிள்ளைகளைத் திட்டிய யோகம், ஒரு பிள்ளை திட்டுவதை முதல் முறையாக வாய் மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். வலித்தது. நெஞ்சுக்குள் எங்கோ ஆறுதலாகவும் இருந்தது, அந்த ஆறுதலை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. மன்னிக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று வந்திருந்தார். அதைக் கேட்கும் இடம் இதுவல்ல என்று இப்போது தெரிந்தது.

ரஷீதா கண்ணாடியைக் கழற்றி முக்காட்டின் நுனியால் துடைத்தார்.

"இப்ப என்ன எழுதப் போறீங்க?"

"நடந்தத. நான் செஞ்சத. நீ சரின்னா மட்டும். உன் பேர் வராது. பதினொண்ணாம் மாடியில இருந்த ஒரு பொண்ணுன்னு போட்டுக்கறேன். வேணாம்னா எதுவும் எழுதல. அந்தப் பலகையே வேணாம்னு சொல்லிடறேன்."

"பதினொண்ணுன்னு போடாதீங்க."

"சரிம்மா. போடல."

"பேர போடுங்க. எந்தப் பேரத் தேடி வந்த எங்க உம்மாவத் திருப்பி அனுப்புனீங்களோ, அந்தப் பேரு. கேக்காம விட்டீங்கல்ல? இப்ப கேளுங்க."

யோகம் கைப்பையைத் திறந்தார். பேனாவை எடுத்தார். தனுஷிகா அனுப்பிய தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தை மேசைமேல் வைத்தார். நாற்பது வருடம் கேட்காத கேள்வி.

"உன் பேர் என்னம்மா?"

நாள் முழுக்கக் கடப்பிதழ்களோடு இருப்பவர் ரஷீதா. எழுத்து பிசகக் கூடாது என்பதற்காக, படிவம் நிரப்புகிறவர்களுக்குச் சொல்வது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"ரஷீதா பேகம். டாட்டர் ஆஃப் நாகூர் கனி." பிறகு குனிந்து தாளைப் பார்த்தார். "எங்கத்தா பேரையும் சேத்து எழுதுங்க அக்கா. விட்டுறாதீங்க."

யோகம் எழுதினார்.